யோசெப்பின் அக்காவின் வியாழக்கிழமைகள்

செய்தி வந்தபோது காலை பத்தரை மணி. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி, சலவை இயந்திரம் வீடெல்லாம் தண்ணீர் கக்குகிறது என்று தொலைபேசியில் ஏசிக்கொண்டிருந்த ஒரு அம்மாவை நான் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். மேசையில் கைபேசி ஒளிர்ந்தது. யோசெப்பின் அக்காவின் மகள் றொசானா எங்கள் குழுவுக்கு ஒரே வரி அனுப்பியிருந்தாள். அம்மா போயிட்டா.

நாளைக்கு ஆள் வந்து பார்ப்பார் என்று அந்த அம்மாவிடம் சொல்லி, வேறு ஏதும் உதவி வேண்டுமா என்றும் கேட்டேன். அப்படிக் கேட்டுத்தான் தொடர்பை முடிக்க வேண்டும் என்று எங்களைப் பழக்கியவர் யோசெப்பின் அக்கா. ஏசுகிறவர் கடைசியாகக் கேட்கும் குரல் கோபமில்லாத குரலாக இருக்க வேண்டும் என்பார்.

அன்று மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. எங்களுக்குப் பார்சல் நாள். என் அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

யோசெப்பின் அக்காவை நான் ஒரு முறைகூட நேரில் கண்டதில்லை. குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் விற்கும் ஒரு நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவில் அவர் எங்களுக்குத் தலைவி. ஊரடங்குக் காலத்தில் தொடங்கிய பிரிவு அது. பழுது என்று தமிழில் அழைப்பவர்களுக்குப் பதில் சொல்வது வேலை. எங்களுக்கென்று ஒரு கட்டடம் அன்றும் இருக்கவில்லை, பிறகும் வரவில்லை. அவர் கொட்டாஞ்சேனையில் சாந்த லூசியா கோயிலுக்குக் கிட்டிய ஒரு ஒழுங்கையில், மாடி வீட்டில் இருந்தார். ரிம்ஸான் மாளிகாவத்தை பிளட்ஸ் அடுக்குமாடியில். நாகம்மை செட்டியார் தெருவுக்குப் பின்னால், நகைக்கடைக்கு மேல்மாடியில். நான் வெள்ளவத்தையில். ஒருவருக்கு லீவு என்றால் மற்றவருக்கு வேலை. ஆகவே சந்திக்க வேண்டும் என்று ஐந்து வருடம் பேசிக்கொண்டேயிருந்தோம்.

இந்த வேலைக்கு முன் அக்கா கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் தொலைபேசி இயக்குநராக இருந்தார். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். றொசானா பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அவர் காலமாகிவிட்டார். கம்பனி மூடப்பட்டதும், அக்கா ஐம்பது வயதுக்கு மேல், கணினியில் தட்டச்சு பழகி இந்த வேலைக்கு வந்தார். அதை எல்லாம் அவர் பெரிதாகச் சொன்னதில்லை. அவர் சொன்னதெல்லாம் முன்வீட்டு மாடியில் காயும் புடவைகளைப் பற்றித்தான்.

காலை எட்டு மணிக்கு, முதல் அழைப்புக்கு முன்னால், "ஜன்னலத் திறங்க பாப்பம்" என்பார். எல்லோரும் ஜன்னலைத் திறந்து, அவரவர் தெருவைக் கொஞ்சநேரம் மற்றவர்களுக்குக் கேட்கவிட வேண்டும். எங்கள் பக்கம் கடற்கரை ரயில் போகும். ரிம்ஸானின் பிளட்ஸில் யாராவது கீழே நின்று ஐந்தாம் மாடிக்குக் கூப்பிடுவார்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு சுடச்சுடப் பாண் விற்க வரும் ஓட்டோ யார் தெருவில் முதலில் கேட்கிறதோ அவருக்கு அன்று தலைவர் பதவி, பகல் வரைக்கும். தலைவர் என்றால் என்ன வேலை என்று ரிம்ஸான் கேட்டபோது, பாண் வாங்குவதுதான் வேலை என்றார் அக்கா.

பின்னேரம் வேலை முடியும்போது, அன்றைக்கு ஆகக் கூடுதலாக ஏச்சு வாங்கியவர் யார் என்று கேட்பார். ஏச்சைச் சொன்னால், மற்றவர்கள் சில்வர் தம்ளரில் கரண்டியால் தட்டிப் பாராட்ட வேண்டும். எரிச்சலோடு இருக்கும் நானும் அந்தச் சத்தத்தில் சிரித்துவிடுவேன். தலைமை அலுவலகமும் எங்களைக் குதூகலப்படுத்த முயன்றதுண்டு. ஒரு முறை எல்லாப் பிரிவினரையும் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு திரையில் வரச் சொன்னார்கள். எண்பது தொப்பிகள் ஒரு மணி நேரம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அது முடிந்ததும் அக்கா எங்களுக்குச் சொன்னார்: "சாப்பாடு இல்லாம யாரும் சிநேகிதமாக மாட்டாங்க. நாம பார்சல் அனுப்புவம்."

அப்படித் தொடங்கியதுதான் வியாழக்கிழமை. கிழமையைத் தேர்வு செய்யவே ஒரு வாரம் பிடித்தது. செவ்வாய் அக்காவுக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். வெள்ளி ரிம்ஸானுக்கு ஜும்மா, நாகம்மைக்கு விரதம். வியாழன் ஒருவருக்கும் சொந்தமில்லாத நாள், ஆகவே அது எல்லோருக்குமான நாள் என்றார். றொசானா சீட்டுக் குலுக்கி, யார் யாருக்குச் சமைக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வாள். அக்காவுக்குக்கூட மற்றவர்களின் சீட்டுத் தெரியாது. சோறும் கறியும் வாழையிலையில் கட்டி ஓட்டோவில் அனுப்ப வேண்டும். ஒரு மணிக்குக் கமராவுக்கு முன் பிரித்துச் சாப்பிட்டு, இது யாருடைய கை என்று சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்று மரக்கறி மட்டும்.

மரக்கறியில் என்னத்தைக் கண்டுபிடிப்பது என்று ரிம்ஸான் முறையிட்டான். ஆனால் ஒரே கத்தரிக்காய் நாலு வீட்டில் நாலு விதமாக இருந்தது. நாகம்மை பெருங்காயம் போடுவாள். ரிம்ஸானின் மனைவி ரம்பை இலையும் கறுவாவும் போடுவாள். அக்கா தேங்காய்ப்பாலை இறக்குகிற நேரத்தில்தான் விடுவார். நேரில் பார்த்துப் பழகாத மனிதர்களோடு நாங்கள் நாக்கால் பழகினோம்.

போன தை மாதம் பிரியந்தன் வந்து சேர்ந்தான். வவுனியாப் பக்கத்துப் பிள்ளை, வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறை. மூன்று மாதம் தகுதிகாண் காலம். அழைப்பவர்களோடு அவன் பேசுவதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். எவ்வளவு ஏசினாலும் குரல் மாறாது. எங்களோடு மட்டும் பேசமாட்டான். ஜன்னலைத் திறக்கச் சொன்னால், தன் அறையில் ஜன்னல் மதிலைப் பார்த்திருக்கிறது என்று எழுதினான். கமராவும் எப்போதும் இருட்டு. வியாழக்கிழமைக்குக் கூப்பிட்டால் தனக்குச் சமைக்கத் தெரியாது என்று ஒதுங்கினான். ஆகவே முதல் இரண்டு மாதமும் அவன் பெயர் சீட்டில் சேரவில்லை.

இது அவனுக்கு மூன்றாவது வேலை. முந்திய இரண்டு இடங்களிலும், ஆட்களோடு சேராத பிள்ளை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பங்குனி மாதத்தில் தலைமை அலுவலகம் அக்காவைக் கேட்டதும் அதே கேள்வியைத்தான்: இவர் குழுவோடு சேர்கிறாரா? மாதக் கடைசித் திங்கட்கிழமை பதில் போக வேண்டும். இல்லை என்றால் அவன் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஓம், சேர்கிறார் என்று எழுதிவிடுங்கள் என்று நாங்கள் சொன்னோம். பொய்யைச் சொல்லி அவனை வைத்துக்கொண்டால் அவன் அந்த அறைக்குள் தனியாகத்தானே இருப்பான் என்று அக்கா கேட்டார். பிறகு அவனுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். அதைப் பின்னொரு நாளில் பிரியந்தனே எங்களுக்கு நடித்துக் காட்டினான்.

"சமைக்கத் தெரியாதோ, சமைக்க ஏலாதோ?"

"வீட்டுக்காரம்மா அறையில அடுப்பு வைக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டா அக்கா. கேத்தல் ஒண்டுதான் இருக்கு."

"கேத்தல் இருக்கா? அப்ப தண்ணி சுடுது தானே மகன். ஆக்கள் அதிலயிருந்துதான் சமையலத் தொடங்கினவங்க."

அந்த மாதக் கடைசி வியாழனுக்கு அவன் சம்மதித்தான். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு வியாழன் இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் அக்கா ஒன்றை மறந்துவிட்டார். வழமையாக நோன்பு மாதத்தில் பார்சல் நாளைப் பெருநாளுக்குப் பின்னால் தள்ளிவைப்பார். அந்த முறை தள்ளவில்லை. எங்களுக்கும் நினைவு வரவில்லை. ரிம்ஸான் வேண்டுமென்றே பேசாமல் இருந்தான். புதுப் பிள்ளைக்காக அக்கா தெரிந்துதான் வைக்கிறார், குழப்பக்கூடாது என்று நினைத்தானாம்.

பிரியந்தனின் சீட்டில் இருந்த பெயர் ரிம்ஸான்.

ஒரு மணிக்கு எல்லோரும் பார்சலோடு திரைக்கு முன்னால் வந்தோம். நாகம்மை பிரித்தாள், நான் பிரித்தேன். பிரியந்தனின் சதுரம் இருட்டாகவே இருந்தது, ஆனால் அவன் தாளைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. ரிம்ஸானுக்கு முன்னால் மேசையில் ஒன்றும் இல்லை. பார்சல் வரவில்லையா என்று நாகம்மை கேட்டாள். வந்துவிட்டது, ஃபிரிஜ்ஜுக்குள் வைத்திருக்கிறேன், நீங்கள் சாப்பிடுங்கள் என்றான். அப்போதுதான் அக்காவின் முகம் மாறியதைப் பார்த்தோம். கையை நெற்றியில் வைத்தார்.

"ரிம்ஸான். நோம்பு."

பிரியந்தனின் பக்கத்துச் சத்தம் நின்றுவிட்டது. பிறகு, முதல்முதலாக ஒருவரும் கேளாமலே அவன் பேசினான். தனக்கு ஒன்றும் சரியாக வராது என்றும், ஊரில் தன்னைச் சுற்றி நோன்பு பிடிக்கிற ஆட்கள் இல்லாததால் யோசிக்கவேயில்லை என்றும், திங்கட்கிழமை வரைக்கும் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னான். "நான் விலகிறனெண்டு இப்பவே எழுதித் தாறன் அக்கா. ஒருத்தருக்கு ஒரு நேரச் சாப்பாடு ஒழுங்கா அனுப்பத் தெரியாத ஆள் நான்." ரிம்ஸான் பரவாயில்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவன் கேட்கவில்லை.

அக்கா ஒருவருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. கைகழுவிவிட்டு வந்து, தான் பிரித்து வைத்திருந்த இலையைத் திரும்ப மடித்தார். நூலை எடுத்துச் சுற்றிக் கட்டினார்.

"பிழை என்ட. நான்தான் நாள் வச்சன். நான் ரிம்ஸானோட சாப்பிடுறன். பசிக்கிற ஆக்கள் சாப்பிடுங்க."

ஒருவரும் சாப்பிடவில்லை. நாகம்மை தன் பார்சலை மூடினாள். நான் அதற்கிடையில் ஒரு வாய் வைத்துவிட்டேன், அதை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் இருந்ததைப் பார்த்து ரிம்ஸான் சிரித்தான். "விழுங்குங்க சுபோ. உங்களுக்கு நோம்பு முறியாது."

பிறகு பின்னேரம் வரைக்கும் நாங்கள் பசியோடு வேலை செய்தோம். அதைப்போல ஒரு பின்னேரத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை. அழைப்புகளுக்கு நடுவில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். நாகம்மை தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டாள். அக்கா, தான் அறுபது வயதுக்குக் கிட்ட வந்துவிட்டதால் பால் விடாத பிளேன்ரீ மட்டும் குடிக்க ரிம்ஸானிடம் அனுமதி கேட்டார். மூன்று மணிக்கு மேல் பிரியந்தன் ரிம்ஸானிடம், இந்தப் பசியோடு ஒரு மாதம் முழுக்க எப்படி ஏச்சு வாங்குகிறீர்கள் என்று கேட்டான். அது பகிடியாகச் சொன்னதில்லை. ஆனால் எல்லோரும் சிரித்ததும் அவனும் சிரித்துவிட்டான். அவன் சிரிப்பை அன்றுதான் கேட்டோம்.

ஆறு மணிக்கு அழைப்புகள் மூடப்பட்டன. அக்கா ஜன்னலைத் திறக்கச் சொன்னார். கடலுக்கு மேலே வானம் சிவந்திருந்தது. கொட்டாஞ்சேனையில் கோயில் மணி அடித்து ஓய்ந்தது. ஒரு கரண்டியைக்கூட அசைக்காமல், நான்கு வீடுகளிலும் மதிலைப் பார்த்த ஓர் அறையிலுமாக இருந்தோம். ஐந்து பேரும் ஒரு திசையைப் பார்த்துக் காத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. அந்தத் திசை எது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. மாளிகாவத்தைப் பள்ளிவாசலின் பாங்கு முதலில் ரிம்ஸானின் ஜன்னல் வழியாக வந்தது. ஒரு கணம் பிந்தி, நாகம்மையின் தெருவில் வேறொரு பாங்கு. அதற்கும் பிந்தி, எங்கள் காலி வீதிப் பள்ளிவாசலிலிருந்து இன்னொன்று. இத்தனை வருடம் இந்த ஊரில் இருக்கிறேன், ஒரே மாலை இப்படி வீடு வீடாக நடந்து வருவதை நான் அதற்குமுன் கேட்டதேயில்லை.

ரிம்ஸான் பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, ஃபிரிஜ்ஜைத் திறந்து பார்சலை எடுத்து வந்தான்.

"இது நம்மட கம்பனி ஃபிரிஜ். கூலாகுதில்ல எண்டு நாள் முழுக்க ஏச்சுக் கேக்கிறோம் தானே. இண்டைக்கி மானத்தக் காப்பாத்திட்டுது."

இலைக்குள் ஊறவைத்த அவல் இருந்தது. கேத்தலில் சுட்ட தண்ணீரில் ஊறிய அவல், கடையில் துருவி வாங்கிய தேங்காய், சக்கரை, மேலே வட்ட வட்டமாக வெட்டிய கதலிப்பழம். ரிம்ஸான் ஒரு பிடி அள்ளிச் சாப்பிட்டான். கண்ணை மூடினான். இன்னொரு பிடி சாப்பிட்டான். விளையாட்டின் விதிப்படி யாருடைய கை என்று சொல்ல வேண்டும்.

"இது கொட்டாஞ்சேனை இல்ல. சுபோட சமையலும் இல்ல. அடுப்பே காணாத சாப்பாடு இது. நாளெல்லாம் காஞ்ச தொண்டைக்கு இப்படி ஒண்டு நான் சாப்பிட்டதில்ல." பிறகு இருட்டுச் சதுரத்தைப் பார்த்து, "தம்பி, நீங்கதானே?" என்றான்.

இருட்டுச் சதுரம் வெளிச்சமானது. மெலிந்த முகம், கண்ணாடி, பின்னால் ஒரு சுவர், பக்கத்தில் அந்தக் கேத்தல். பிரியந்தன் தலையை ஆட்டினான். நாகம்மைதான் முதலில் தம்ளரில் தட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினோம். திங்கட்கிழமை அக்கா என்ன எழுதினார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவன் எங்களோடு இருந்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கடைசி வியாழனும் அவனிடமிருந்து அவல் வந்தது. யாருக்குப் போனாலும் உடனே தெரிந்துவிடும், விளையாட்டே கெடுகிறது என்று முறையிட்டோம். ஒரு முறை அவன் மிச்ச அவலை வீட்டுக்காரம்மாவுக்குக் கொடுத்திருக்கிறான். ஐப்பசி மாதம் அந்த அம்மா தன் சமையலறையை ஒரு காலை மட்டும் அவனுக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார். அதை அவன் எங்களிடம் சொல்லவில்லை. இந்த முறையாவது ஒருவரும் கண்டுபிடிக்கக்கூடாது என்பது அவன் எண்ணம். அந்த மாதம் அவனுக்கு விழுந்த பெயர் யோசெப்பின்.

வாழ்க்கையில் முதல்முதலாகச் சோறும் பருப்பும் பயற்றங்காயும் சமைத்து, பிந்திவிடும் என்ற பயத்தில் பத்து மணிக்கே ஓட்டோவில் ஏற்றிவிட்டான். அரை மணி நேரத்தில் செய்தி வந்தது. ஓட்டோ அப்போது கோட்டைப் பக்கம் போயிருந்தது. திருப்பி அழைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அன்று பின்னேரம் அழைப்புகளை மூட அனுமதி கிடைத்து, நாங்கள் நான்கு பேரும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். ஒழுங்கைக்கு மேலே துக்கத்துக்கு வெள்ளைக் கொடிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். உடல் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. படிக்கட்டில் எனக்கு முன்னால் ஏறிய உயரமான மனிதர் யாரிடமோ வழி கேட்டார். குரலைக் கேட்டதும் ரிம்ஸான் என்று கூப்பிட்டேன். அவன் திரும்பிப் பார்த்து, சுபோ என்றான். நாகம்மை நான் நினைத்ததைவிடக் குள்ளம். பிரியந்தன் கதவுக்குப் பக்கத்தில் தனியாக நின்றான். நாங்கள் போய் அவனோடு நின்றோம்.

வந்திருந்த அயல்வீட்டுப் பெண் ஒருவர் நாங்கள் யார் என்று கேட்டார். அக்காவோடு வேலை செய்கிறவர்கள் என்றேன். எந்த ஒபிஸில் என்று கேட்டார். பிரியந்தன் ஜன்னலோரம் இருந்த சின்ன மேசையைக் காட்டினான். அதில் கணினி மூடிக்கிடந்தது. அழைப்புக் கேட்கும் காதுக்கருவி அதன்மேல் வைக்கப்பட்டிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது.

"இஞ்சதான்" என்றான்.

றொசானா எங்களைச் சமையலறைக்குள் கூட்டிப்போனாள். பகல் ஓட்டோக்காரன் வந்து கூப்பிட்டபோது, என்ன ஏது என்று யோசிக்காமல் பார்சலை வாங்கிவிட்டாளாம். அம்மா போன பிறகு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. யாரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அம்மாவுக்கு வந்ததை வீணாக்கக்கூடாது என்று, நின்றபடியே அவள் அதைச் சாப்பிட்டிருந்தாள். சொல்லிவிட்டு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சீட்டுக் குலுக்கியவள் அவள்தான், அவளுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் விதிப்படி கேட்டாள்.

"உப்புக் கொஞ்சம் கூட. நீங்கதானே பிரியந்தன்?"

அவன் தலையை ஆட்டினான். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். ரிம்ஸான் அவன் தோளில் கை வைத்தான்.

காலையில் அம்மாவுக்குத் தலை சுற்றியது, கையிலிருந்ததை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தா, அவ்வளவுதான் என்றாள் றொசானா. அடுப்பை அவள்தான் அணைத்திருக்கிறாள். அன்று அக்காவின் பார்சல் யாருக்குப் போக இருந்தது என்று நாகம்மை கேட்டாள். றொசானா என்னைப் பார்த்தாள்.

சட்டியில் கத்தரிக்காய் வெந்திருந்தது. தேங்காய்ப்பால் பக்கத்தில் கிண்ணத்தில் இருந்தது, இன்னும் விடவில்லை. அடுப்புக்கு அருகே என் சோற்றைக் கட்டுவதற்கான வாழையிலை கிடந்தது. அதன் ஒரு பாதியை அவர் நெருப்பில் வாட்டி முடித்திருந்தார். மறுபாதி பச்சையாக இருந்தது.